அம்மம்மா சொன்ன போர்க்கதை

போர் என்றதும் நம் மனக்கண்முன் வந்து நிற்பவர் படைவீரரே. வரலாற்றாசிரியர் படைகளை எண்ணுகின்றார், பீரங்கிகளை எண்ணுகின்றார், எந்த நாளில் எந்தக் கோட்டை வீழ்ந்தது என்பதைத் தவறாது குறித்து வைக்கின்றார். எந்த வீட்டில் எந்த நாளில் உப்பு முடிந்தது என்பதைக் குறிப்பவர் அரியர். அதனை நினைவில் வைத்திருப்பவள் அடுக்களையில் நின்ற பெண். முதுமையில் அவள் அதனைப் பேத்திக்குச் சொல்கின்றாள். பேத்தி எழுத வல்லவளாய் அமைந்துவிட்டால் அது நாவலாகின்றது.

அமெரிக்க உள்நாட்டுப் போர் பற்றி இவ்வாறு பிறந்த நாவல்கள் இரண்டனை இன்று நேயர்களுக்கு எடுத்துரைக்க விரும்புகின்றோம். ஒன்று உலகறிந்தது: மார்கிரட் மிச்செல் எழுதி 1936இல் வெளிவந்த 'கோன் வித் த விண்ட்'. காற்றோடு போயிற்று என்பது அப்பெயரின் பொருள். மற்றது நம்மிடையே அவ்வளவாக அறியப்படாதது: மார்கிரட் வாக்கர் எழுதி 1966இல் வெளிவந்த 'ஜூபிலி'. இரண்டுக்கும் களம் ஜோர்ஜியா மாநிலம். இரண்டிலும் நடைபெறுவது அதே போர். ஆசிரியைகள் இருவரும் பெயரால் ஒன்றுபட்டவர். இருவரும் தத்தம் அம்மம்மாவிடம் கதை கேட்டு வளர்ந்தவர். ஆனால், ஒருவரின் அம்மம்மா அடிமைகளை வைத்து ஆண்ட குடும்பத்தில் வந்தவர். மற்றவரின் அம்மம்மா அடிமையாய்ப் பிறந்த ஒருத்தியின் மகள்.

மாணவர் பொருட்டுப் போரின் வரலாற்றைச் சுருங்கக் கூறுவோம். 1860இல் அமெரிக்காவின் தென்பகுதியில் ஏறத்தாழ 40 லட்சம் கறுப்பின மக்கள் பிறர் உடைமையாய் வாழ்ந்தனர். ஜோர்ஜியாவில் மட்டும் 4,62,000 பேர். மாநில மக்களில் நூற்றுக்கு நாற்பத்துமூவருக்கு மேல். அவ்வாண்டில் ஆபிரகாம் லிங்கன் குடியரசுத் தலைவராய்த் தெரிவு செய்யப்பட்டதும், அடிமைமுறைக்கு ஊறு நேருமென அஞ்சிய தென் மாநிலங்கள் ஒவ்வொன்றாய் விலகின. இறுதியில் 11 மாநிலங்கள் தனியரசு அமைத்தன. 1861 ஏப்ரலில் தொடங்கிய போர் நான்கு ஆண்டுகள் நீடித்தது. மாண்ட வீரர் 6,20,000 பேர் எனப் பாடநூல்கள் நெடுங்காலம் கூறிவந்தன. பிற்கால ஆய்வாளர் அத்தொகையை ஏழு லட்சம் அளவுக்கு உயர்த்தியுள்ளனர்.

மிச்செல் அம்மையார் அத்லாந்தா நகரில் 1900ஆம் ஆண்டு பிறந்தவர். போர் முடிந்து முப்பத்தைந்து ஆண்டுகளே ஆகியிருந்தன. ஞாயிற்றுக்கிழமைகளில் உறவினர் வீடுகளுக்குப் போனால், முதிய படைவீரர்களின் மடியிலமர்ந்து போர்க்கதை கேட்பதே குழந்தைக்குப் பொழுதுபோக்கு. அம்மம்மாவும் அவர்தம் சகோதரியரும் நகர் எரிந்ததையும் பின்வந்த பசியையும் சொல்வர். இத்தனை கேட்டும், தென்னாட்டார் அப்போரில் தோற்றனர் என்ற செய்தி தமக்குப் பத்து வயதிலேதான் தெரியவந்தது என அவர் பின்னாளில் கூறினார். தோல்வியை மட்டும் சொல்லாமல் விடுவதில் முதியவர் எத்துணை வல்லவர்!

அவர் வாழ்வில் இன்னொரு நிகழ்ச்சி உண்டு. ஆறு வயதில், கணக்குப் பாடத்தை வெறுத்துப் பள்ளிக்குப் போக மாட்டேன் என்று சிறுமி அடம்பிடித்தாள். தாயார் அடிக்கவில்லை. குதிரை வண்டியில் ஏற்றி ஜோன்ஸ்பரோ செல்லும் சாலைவழியே கொண்டுபோனார். இடிந்து புகைபோக்கி மட்டும் எஞ்சிய மாளிகைகளைக் காட்டினார். அவற்றின் இடையே நிமிர்ந்து நின்ற வீடுகளையும் காட்டினார். இம்மக்கள் பாதுகாப்பான உலகில் வாழ்வதாக எண்ணியிருந்தனர், அவ்வுலகம் அவர் காலடியில் வெடித்தது, உன் உலகமும் ஒருநாள் வெடிக்கும், அன்று உன் தலையில் உள்ளதும் கையால் செய்யத் தெரிந்ததுமே உனக்கு எஞ்சும் என்ற கருத்துப்படச் சொன்னார். ஆயிரம் பக்க நாவலின் வித்து அந்த வண்டிப் பயணத்தில் விழுந்தது எனலாம்.

பத்திரிகையாளராய் இருந்த மிச்செல், 1926இல் கணுக்கால் நோவினால் வீட்டில் இருக்க நேர்ந்தபோது எழுதத் தொடங்கினார். இறுதி அத்தியாயத்தையே முதலில் எழுதினார். வெளிவந்த ஆறு மாதத்தில் பத்து லட்சம் பிரதிகள் விற்றன. 1937இல் புலிட்சர் பரிசும் கிடைத்தது. திரைப்படம் 1939இல் வந்தது. நம் வாசகருட் பலர் படத்தையே பார்த்திருப்பர். படத்தில் கண்ணைக் கவர்வது தீயும் காதலும். நூலில் நெஞ்சில் நிற்பது பசி. நாயகி ஸ்கார்லட் கதை தொடங்கும்போது பதினாறு வயதுச் செல்வக் குமரி. 1864 செப்டம்பரில் நகர் வீழும் வேளையில், வைத்தியர் எவரும் வர இயலாத நிலையில், மைத்துனி மெலனிக்குப் பிள்ளைப்பேறு பார்க்கின்றாள். பச்சைக் குழந்தையையும் தாயையும் ஓட்டை வண்டியில் கிடத்தி, இரவோடிரவாக ஊருக்கு ஓட்டிச் செல்கின்றாள். அங்கே தாய் இறந்துகிடக்கின்றாள். தந்தை சித்தம் கலங்கி இருக்கின்றார். தோட்டத்து மண்ணில் அகப்பட்ட முள்ளங்கியைப் பிடுங்கித் தின்று வாந்தியெடுக்கின்றாள். பருத்திச் செடியையே தொட்டறியாத கைகள் பருத்தி பறிக்கின்றன. போர்க்களம் அந்நூலில் பெரும்பாலும் காட்டப்படுவதே இல்லை. போர் வீட்டு வாயிலுக்கு வரும்போது மட்டுமே நாம் அதனைக் காண்கின்றோம். இந்த உத்தி அம்மம்மாவிடமிருந்து கிடைத்தது என்பதில் நமக்கு ஐயமில்லை. ஏனெனில் அவர் கண்டதும் அவ்வளவே.

அவர் கண்டது பொய்யன்று என்பதற்கு வரலாற்றிலே சான்றுகள் நிறைய உள. வடவர் கடற்படை துறைமுகங்களை மறித்ததும் தென்னாட்டில் முதலில் அருகியது உப்பு. இறைச்சியை உப்பிட்டுப் புகையூட்டி ஆண்டு முழுவதும் வைத்து உண்பது அவர் வழக்கம். ஆகவே உப்பின்றேல் இறைச்சியும் இல்லை. பெண்கள் என்ன செய்தனர்? புகையூட்டும் கொட்டிலின் மண்தரையில் ஆண்டாண்டு காலமாய் உப்புநீர் சொட்டி ஊறியிருந்தது. அத்தரையைக் கிண்டி, மண்ணை நீரில் கரைத்து வடித்து, வடிநீரைக் காய்ச்சி உப்பெடுத்தனர். கோப்பிக்குப் பதிலாக வெண்டி விதையையும், வற்றாளங்கிழங்குத் துண்டுகளையும், சோளத்தையும் வறுத்து இடித்துக் குடித்தனர். பரணில் தூங்கிய பழைய தறிகள் மீண்டும் கீழிறங்கின. நம் வாசகருள் மூத்தோர் இவ்விடத்தில் தம்முள் நகைத்துக்கொள்வர். 1990களில் ஜாம் போத்தலுக்குள் சிறிது மண்ணெண்ணெயும் ஒரு திரியும் இட்டுப் பிள்ளைகளைப் படிப்பித்த யாழ்ப்பாணத்துத் தாய்மாருக்கு இச்செய்திகளை விளக்கவேண்டுவதில்லை.

எல்லாப் பெண்களும் மாளிகைப் பெண்கள் அல்லர் என்பதையும் இங்கே சொல்லவேண்டும். தென்னரசு 1862இல் கட்டாய ஆட்சேர்ப்பைத் தொடங்கியது. அவ்வாண்டின் பிற்பகுதியிலேயே, இருபது அல்லது அதற்கு மேற்பட்ட அடிமைகளுள்ள தோட்டத்துக்கு வெள்ளையர் ஒருவர் வீதம் விலக்களித்துச் சட்டம் செய்தது. அடிமையில்லாத ஏழை உழவனுக்கு அவ்விலக்கு இல்லை. அவன் போனான், அவன் மனைவி ஏரைப் பிடித்தாள். மா விலை ஏறி ஏறிக் கைக்கெட்டாமற் போனபோது பெண்கள் கூட்டமாய்த் திரண்டு கடைகளை உடைத்தனர். 1863 மார்ச்சில் அத்லாந்தாவிலும், ஏப்ரல் 2ஆம் நாள் தலைநகரான ரிச்மண்டிலும் இது நிகழ்ந்தது.

ரோஸ்வெல் பெண்களின் கதை இன்னும் கொடிது. அத்லாந்தாவுக்கு வடக்கே ரோஸ்வெல் என்னும் ஊரில் தென்னாட்டுப் படைக்குத் துணி நெய்த ஆலைகள் இருந்தன. 1864 ஜூலையில் ஷேர்மன் தளபதியின் வடபடை அவ்வூரைப் பிடித்து ஆலைகளை எரித்தது. வேலைசெய்த பெண்களும் சிறுவர்களுமாய் ஏறத்தாழ 400 பேரைத் துரோகக் குற்றஞ்சாட்டிக் கைதுசெய்து, புகையிரதத்தில் ஏற்றி, நூற்றுக்கணக்கான மைல் வடக்கே அனுப்பியது. கூலிக்கு நெய்தமையே அவர் செய்த துரோகம். அவருட் பலர் ஊர் திரும்பவே இல்லை. அவ்வூரில் அவருக்கென்று நினைவுத்தூண் எழுந்தது 2000ஆம் ஆண்டிலேதான். எழுதத் தெரிந்த பேத்தியர் ஏழை நெசவுப் பெண்களுக்கு எளிதில் வாய்ப்பதில்லை போலும்.

மீண்டும் மிச்செல் நாவலுக்கு வருவோம். அவர் போர்களின் நாள்களையும் படைகள் சென்ற வழிகளையும் நூலகத்திற் சரிபார்த்தவர். அவ்வகையிற் குறைகூற இடமில்லை. குறை வேறிடத்தில் இருக்கின்றது. ஸ்கார்லட்டை வளர்த்த செவிலி ஒருத்தி அந்நாவலில் முதலிலிருந்து இறுதிவரை வருகின்றாள். வீட்டையே தாங்குபவள் அவள். எல்லோரும் அவளை 'மம்மி' என்றழைக்கின்றனர். அவளது சொந்தப் பெயர் என்ன? ஆயிரம் பக்கங்களில் ஓரிடத்திலும் இல்லை. (2014இல் வேறோர் எழுத்தாளர் உரிமைபெற்று எழுதிய முன்கதையிலேதான் அவளுக்கு 'ரூத்' என்று ஒரு பெயர் கிடைத்தது.) அவளுக்கு ஒரு விருப்பம் இருந்ததாகவோ, விடுதலை வந்த நாளில் அவள் ஏதேனும் நினைத்ததாகவோ கதையில் இல்லை. அடிமைகள் பெரும்பாலும் மனநிறைவோடு இருந்தனர் என்பதே நூலின் தொனி; கறுப்பினத்தாரை அச்சுறுத்திக் கொன்ற கூ கிளக்ஸ் கிளான் கூட்டத்தாரையும் அது குலமானம் காத்தவராகவே காட்டுகின்றது. அம்மம்மா அப்படித்தான் சொன்னார். பேத்தி அதனைச் சரிபார்க்கவில்லை.

இதன் நிழல் நெடுந்தூரம் விழுந்தது. 1939 டிசம்பரில் அத்லாந்தாவில் படம் முதன்முதல் திரையிடப்பட்டபோது, செவிலியாய் நடித்த ஹற்றி மக்டானியல் அம்மையாருக்கு அவ்விழாவில் இடமில்லை. அந்நகரின் இனப்பிரிவினை விதிகள் குறுக்கே நின்றன. அடுத்த ஆண்டு அதே வேடத்துக்காக ஒஸ்கார் விருது பெற்ற முதற் கறுப்பினக் கலைஞரானார் அவர். 2020இல் இணையவழித் திரைச்சேவை ஒன்று அப்படத்தைச் சிலநாள் நீக்கி, வரலாற்று விளக்கம் ஒன்றை முன்வைத்து மீண்டும் சேர்த்தது. ஆயினும் நீதி கருதி ஒன்று கூறுவோம்: மிச்செல் தம் இறுதிக்காலத்தில், கறுப்பின மாணவர் மருத்துவம் கற்பதற்கு எவரும் அறியாவண்ணம் பொருளுதவி செய்தவர். மனிதர் அவர் எழுதிய நூலினும் சிக்கலானவர்.

இனி வாக்கர் அம்மையார். 1915இல் அலபாமா மாநிலத்திற் பிறந்த இவர் சமய போதகர் ஒருவரின் மகள். அம்மம்மா எல்வைரா அவர்களுடனேயே வாழ்ந்தார். இரவு நெடுநேரம் வரை, தம் தாய் அடிமையாய் இருந்த காலத்துக் கதைகளைப் பேத்திக்குச் சொல்வார். பிள்ளையை உறங்கவிடாமல் ஏன் இந்தக் கட்டுக்கதைகள் என்று வீட்டார் கடிந்தால், தாம் சொல்வது கட்டுக்கதையன்று, அப்பட்டமான உண்மை என்று கிழவி சினப்பார். அக்கதையை ஒருநாள் எழுதுவேன் எனப் பேத்தி உறுதிபூண்டாள். பத்தொன்பது வயதில், பல்கலைக்கழக மாணவியாய் இருக்கும்போதே தொடங்கினார். முடித்தபோது வயது ஐம்பது.

இடைப்பட்ட முப்பது ஆண்டுகள் வீணானவை அல்ல. வாக்கர் நான்கு பிள்ளைகளைப் பெற்று வளர்த்தார், மிசிசிப்பியில் கல்லூரி ஆசிரியையாய்ப் பணியாற்றினார், கவிஞராய்ப் பெயர்பெற்றார். விடுமுறை கிடைத்தபோதெல்லாம் நூலகங்களிலும் ஆவணக் களரிகளிலும் புகுந்து அம்மம்மா சொன்னதை ஒவ்வொன்றாய்ச் சோதித்தார். ஜோர்ஜியாவில் டாசன் என்னும் சிற்றூருக்குச் சென்று தம் முப்பாட்டனாரின் தடங்களைத் தேடினார். இறுதியில் ஐயோவாப் பல்கலைக்கழகத்திற் கலாநிதிப் பட்ட ஆய்வேடாக 1965இல் நாவலைச் சமர்ப்பித்தார். அம்மம்மாவின் கதையையே ஆய்வேடாக்கிக் கலாநிதியானவர் உலகில் எத்தனை பேர் இருப்பர்?

நாயகி வைரி. தோட்டத்து எசமானுக்கும் அடிமைப் பெண்ணுக்கும் பிறந்தவள். அவள் இரண்டு வயதாயிருக்கையில் தாய் பிள்ளைப்பேற்றில் மாள்கின்றாள். இருபத்தொன்பது வயதுக்குள் அத்தாய் பெற்ற பிள்ளைகள் பதினைந்து. எசமானின் மகள் லில்லியனும் வைரியும் இரட்டையர்போல் ஒத்த முகமுடையவர். அந்த ஒப்புமையே எசமானிக்குத் தீராத எரிச்சல். பாத்திரம் உடைத்த குற்றத்துக்காகச் சிறுமியைப் பெருவிரல்களிற் கட்டித் தொங்கவிடுகின்றாள். வளர்ந்து மாளிகையின் சமையற்காரியான வைரி, சுதந்திரனான கொல்லன் ஒருவனை மணக்கின்றாள். பிள்ளைகளை விட்டுவிட்டுத் தனியே ஓடிவா என்று அவன் சொல்கின்றான். அவள் பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டே ஓடுகின்றாள், அகப்படுகின்றாள், சவுக்கடிபடுகின்றாள்.

போர் வருகின்றது. மாளிகையில் ஆண்மக்கள் ஒருவர்பின் ஒருவராய் மாள்கின்றனர். எசமானியும் மாள்கின்றாள். வடபடை வந்து விடுதலைப் பிரகடனத்தை வாசித்துக் களஞ்சியத்தைச் சூறையிடுகின்றது. படையாள் ஒருவன் தாக்கியதால் லில்லியன் சித்தம் கலங்குகின்றாள். வைரி இப்போது சுதந்திரப் பெண், வாயில் திறந்திருக்கின்றது. ஆனால், சித்தம் கலங்கிய லில்லியனையும் அவள் பிள்ளைகளையும் யார் பார்ப்பது? உறவினர் வந்து பொறுப்பேற்கும்வரை அவள் அங்கேயே நின்று உலையேற்றுகின்றாள். மிச்செல்லின் செவிலியும் போருக்குப்பின் மாளிகையிலேயே நின்றாள். அவள் ஏன் நின்றாள் என்பதை மிச்செல் கேட்கவே இல்லை. வைரி ஏன் நின்றாள் என்பதை வாக்கர் நமக்குப் பக்கம் பக்கமாய்க் காட்டுகின்றார். சினமும் இரக்கமும், முதுகில் ஆறாத தழும்பும், எதிரே அழும் குழந்தையும் ஒன்றாய்க் கலந்த முடிவு அது.

புனைகதையை வரலாறாகக் கொள்ளலாமா என்று மாணவர் நம்மை வினவுவதுண்டு. நாளும் இடமும் அறிய நாவலை நாடுதல் தவறு. ஆனால் போர்க்காலப் பெண்களின் பட்டறிவு நூல்களிற் சிதறியே கிடக்கின்றது. ஷேர்மன் படை 1864 நவம்பர் நடுவில் அத்லாந்தாவிலிருந்து கடல் நோக்கிப் புறப்பட்டது, 60,000 வீரர், டிசம்பர் 21இல் சவன்னா வீழ்ந்தது. படைக்குப் பின்னால் விடுதலை தேடிப் பெண்களும் குழந்தைகளுமாய்க் கறுப்பினத்தார் ஆயிரக்கணக்கில் நடந்தனர். டிசம்பர் 9ஆம் நாள் எபநேசர் என்னும் ஓடையைப் படை கடந்ததும், மிதவைப் பாலத்தைத் தளபதி ஒருவர் அகற்றிவிட்டார். பின்னாலே எதிரியின் குதிரைப்படை; முன்னாலே குளிர்ந்த நீர். பலர் மூழ்கினர். படைக் குறிப்புகளில் இது சில வரிகளே. அந்த ஓடைக்கரையில் நின்ற ஒரு தாயின் நெஞ்சை எந்தக் குறிப்பிலும் காணமுடியாது. அங்கேதான் நாவலாசிரியருக்கு வேலை இருக்கின்றது.

நாவலாசிரியரை எதிர்பாராது தாமே எழுதிய பெண்களும் சிலர் உளர். சூசி கிங் ரெய்லர் 1848இல் ஜோர்ஜியாவில் அடிமையாய்ப் பிறந்தவர். அடிமைகளுக்கு எழுத்தறிவித்தல் அங்கே குற்றம். சவன்னாவில் வாழ்ந்த அவருடைய பாட்டி, புத்தகங்கள் வெளியே தெரியாதபடி தாளிற் சுற்றிக்கொடுத்து மறைவான பள்ளி ஒன்றுக்கு அனுப்பினார். பதினான்கு வயதில் வடவர் பிடித்த தீவொன்றுக்குத் தப்பிய சூசி, அங்கே விடுதலையடைந்தோருக்கு ஆசிரியையானார். கறுப்பினப் படைப்பிரிவொன்றில் துணி வெளுத்தும் காயம் கட்டியும் போர் முடியும்வரை உழைத்தார். தம் நினைவுகளை 1902இல் நூலாக்கினார். சிறிய நூல், அலங்காரமில்லாத நூல். இரு நாவல்களையும் படிப்பவர் இதனையும் உடன்வைத்துப் படித்தல் நன்று.

'ஜூபிலி' என்னும் பெயர் விவிலியத்திலிருந்து வந்தது. ஐம்பதாம் ஆண்டில் அடிமைகளை விடுவிக்கும் பண்டைய யூதர் வழக்கைக் குறிப்பது. ஆனால் வைரிக்கு விடுதலையோடு துன்பம் தீரவில்லை. அலபாமாவிற் குடியேறிய முதல் இடத்தை வெள்ளம் கொண்டுபோகின்றது. அரும்பாடுபட்டுக் கட்டிய வீட்டைக் கிளான் கூட்டம் எரிக்கின்றது. பின்னர் ஓர் ஊரில், பேறுகால வேதனையிலிருந்த வெள்ளைப் பெண்ணொருத்திக்கு மருத்துவிச்சியாய் நின்று உதவுகின்றாள். வைரியின் நிறத்தைக் கண்டு வெள்ளைக்காரி என மயங்கிய அவ்வீட்டார், அவள் முன்னிலையிலேயே கறுப்பினத்தாரை இழித்துப் பேசுகின்றனர். தான் யார் என்பதை வைரி சொல்லிவிடுகின்றாள். அவ்வூரார் பிறகு கூடிப்பேசி, எங்கள் பெண்களுக்குப் பிள்ளைப்பேறு பார்க்க நீ இங்கேயே இரு என்று அவளுக்கு வீடுகட்டிக் கொடுக்கின்றனர். அந்த வீட்டின் முற்றத்தில், கோழிகளுக்கு இரை தூவி அவற்றைக் கூவி அழைத்துக்கொண்டு வைரி நிற்பதோடு நாவல் முடிகின்றது.